பாட்டியை எந்த இடத்தில் ஆடவிடலாம்?

ஸ்பெயினில், பாஸ்க் நாட்டில், கெர்னிகா என்றொரு ஊர். 1937இல் குண்டு போட்டுப் பொசுக்கப்பட்ட அந்த ஊரைப் பிக்காசோ ஓவியமாக வரைந்தார், உலகம் வியந்தது. நம் நாட்டிலிருந்து ஃபிஃபாவுக்குப் போன காகிதமோ பிக்காசோவைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அது கெர்னிகாவைச் சரவாக்கின் கூச்சிங்காகவே வரைந்திருந்தது. ஜோன் இராசாபாலின் தாத்தா கூச்சிங்கில் பிறந்தார். ஆகவே பேரன் மலேசியர். ஆகவே அவர் நம் தேசியக் கால்பந்துக் குழுவின் பின்வரிசையில் நிற்கலாம். தாத்தா பிறந்தது கெர்னிகாவில்தான் என்று ஸ்பெயின் பதிவேட்டைப் பார்த்து ஃபிஃபா சொல்லிவிட்டது. ரசனை இல்லாதவர்கள்.

இமானோல் மச்சூகாவின் பாட்டி அர்ஜென்டினாவின் ரோல்டானில் பிறந்தவர். நம் காகிதத்தில் பினாங்கு. ஜோவோ ஃபிகேரெடோவின் பாட்டி பிரேசிலின் ஆப்ரே காம்போவில் பிறந்தவர்; நம் காகிதத்தில் ஜொகூர். ஹெக்டர் ஹெவலின் தாத்தா நெதர்லாந்தின் டென் ஹாக் நகரத்துக்காரர். நம் காகிதத்தில் மலாக்கா. டச்சுக்காரர்கள் மலாக்காவைக் கைகழுவிவிட்டுப் போய் இருநூறு வருடம் ஆகிறது. இந்தத் தாத்தா மட்டும் கப்பலைத் தவறவிட்டுத் தங்கிவிட்டார் போலும். கார்செஸ், ஹொல்காடோ, பல்மேரோ ஆகிய மூவரையும் சேர்த்தால் மொத்தம் ஏழு பேர்.

2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை 4–0 என்று சாய்த்தோம். ஃபிகேரெடோ ஒரு கோல், ஹொல்காடோ ஒரு கோல். மாமாக் கடைகளில் தே தாரிக் ஆறும்வரை கொண்டாட்டம். மறுநாளே ஃபிஃபாவுக்குப் புகார் போயிற்று. செப்டம்பர் 26இல் தீர்ப்பு வந்தது: மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம்; ஏழு பேருக்கும் தலைக்கு 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. சங்கம் கொடுத்த விளக்கம், தொழில்நுட்பத் தவறு.

தவறு யாருக்குத்தான் நேராது? அவசரத்தில் தட்டும்போது ஒரு கால் விடுபடும், ஒரு கொம்பு தவறும். ஏழு பேருக்கு ஏழு ஊர் விடுபட்டு, அந்த ஏழும் ஒன்றுகூடத் தாய்லாந்துப் பக்கமோ சிங்கப்பூர்ப் பக்கமோ சாயாமல், ஒழுங்கு மரியாதையாக மலேசியாவுக்குள்ளேயே வந்து விழுவதற்குத் தேசப்பற்றுள்ள தவறு என்று பெயர். இதற்கு மேல் இந்தச் சங்கதியில் யார் யார் கை இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. இந்த நாட்டில் சிலரைப் பற்றி எழுதுவதைவிடக் கோல் கம்பத்தைப் பற்றி எழுதுவது உடம்புக்கு நல்லது. அந்த ஏழு பிள்ளைகள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆடத் தெரிந்தவர்கள், ஆடக் கூப்பிட்டார்கள், வந்து ஆடினார்கள்.

வெளிநாட்டுக்காரரைக் கொண்டுவந்து ஆடவைப்பது குற்றமா என்றால், இல்லவே இல்லை. அதை யோக்கியமாகச் செய்யும் ஆட்டம் ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது: கூடைப்பந்து. 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ். இறுதிச் சுற்றில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3–2 என்று மடக்கியது. வெஸ்ட்போர்ட்ஸ் என்றால் கிள்ளானைத் தாண்டி புலாவ் இண்டாவில் இருக்கிறதே, அந்தத் துறைமுகம்தான். துறைமுகம் பெயர் கொடுத்த குழுவில் இறக்குமதி இருப்பதில் என்ன அதிசயம்? அமெரிக்காவிலிருந்து ரெஜி ஜான்சன் வந்தார். பந்தை அடுத்தவன் கையில் கச்சிதமாகக் கொண்டுபோய் வைக்கும் ஜேசன் பிரிக்மேன் வந்தார். இருவரையும் இறக்குமதி வீரர் என்றே அழைத்தார்கள், இறக்குமதி வீரர் என்றே எழுதினார்கள். ரெஜி ஜான்சனுக்கு ஈப்போவில் ஒரு பாட்டி தேடி எவரும் அலையவில்லை. பிரிக்மேனின் தாத்தா தைப்பிங்கில் ஈயம் வெட்டினார் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கோப்பை வந்தது. யார் பாட்டிக்கும் சேதம் இல்லை.

ஆட்டக்காரனின் திறமை பெரியதா, அவன் போய்ச் சேர்ந்த குழுவின் சூழல் பெரியதா என்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இளைஞர்கள் பரோட்டா ஆறிப்போகும்வரை சண்டை போடுவார்கள். யோக்கிச்சா, அந்தெதோகும்போவா என்று தொடங்கினால் கடைக்காரர் விளக்கை அணைக்க வேண்டியதுதான். நானும் என் பங்குக்கு மூன்று பேரை வைக்கிறேன்.

நிகோலா யோக்கிச், செர்பியாவின் சோம்போர் என்ற சின்ன ஊர்க்காரர். 2014 என்பிஏ தேர்வில் 41ஆவது ஆளாக அவர் பெயர் வந்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் சாப்பாட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. டென்வர் குழு அவசரப்படவில்லை. இன்னொரு வருடம் செர்பியாவிலேயே ஆடவிட்டு, பிறகு கூப்பிட்டது. வந்த பின்பு, ஓட்டத்தில் மந்தமான இந்தப் பெரிய உடம்பைச் சுற்றி மொத்த ஆட்டத்தையும் மாற்றி அமைத்தது. மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரர், 2023இல் சாம்பியன்.

சத்னாம் சிங், பஞ்சாபின் பல்லோகே கிராமத்துப் பையன். ஏழடிக்கு மேல் உயரம். லூதியானாவில் கற்று, பதினான்கு வயதில் புளோரிடா போய், 2015இல் டல்லாஸ் மாவெரிக்ஸால் 52ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து என்பிஏவுக்குத் தேர்வான முதல் ஆள். நாடே துள்ளியது. ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட அவர் கால் பதிக்கவில்லை. இப்போது தொழில்முறை மல்யுத்த மேடையில் நிற்கிறார். யோக்கிச்சுக்கும் இவருக்கும் தேர்வுப் பட்டியலில் பதினொரு இடம்தான் வித்தியாசம். ஒருவருக்குப் பின்னால் ஊருக்கு ஊர் கிளப் வைத்து, வளர்ந்தவர்களோடு பையன்களை வாரந்தோறும் மோதவிடும் நாடு இருந்தது. மற்றவருக்குப் பின்னால் கைதட்டும் நாடு இருந்தது.

மூன்றாவது ஆள்தான் நமக்கு வேண்டியவர். யானிஸ் அந்தெதோகும்போ. நைஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்கு 1994இல் ஏதென்ஸில் பிறந்தவர். பிறந்தது கிரேக்கம், பேசியது கிரேக்கம், படித்தது கிரேக்கப் பள்ளி. ஆனால் கிரேக்கக் காகிதம் கிடையாது. நைஜீரியக் காகிதமும் கிடையாது. செப்போலியா தெருக்களில் அண்ணன் தம்பிகளோடு கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் பையும் விற்றுத் திரிந்தார். அண்ணனும் தம்பியும் ஒரு ஜோடிக் காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். இரண்டாம் தரக் கிளப் ஒன்றில் ஆடிய அந்தப் பையனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிய பிறகுதான் கிரேக்க அரசுக்குக் கண் தெரிந்தது. பதினெட்டு வருடம் வராத குடியுரிமை 2013 மே மாதம் வந்தது. ஜூனில் மில்வாக்கி பக்ஸ் 15ஆவதாக எடுத்துக்கொண்டது. கிரேக்க வலதுசாரித் தலைவர் ஒருவர் தொலைக்காட்சியில் அவரைக் குரங்கோடு ஒப்பிட்டுப் பேசினார். நாகரிகத்தின் தொட்டில் அல்லவா, அதனால் அப்படித்தான் தாலாட்டும். முதல் பருவத்தில் பக்ஸ் வென்றது 15 ஆட்டம், தோற்றது 67. இருந்தும் பையனை விற்கவில்லை, விரட்டவில்லை. சோறு போட்டு, உடம்பேற்றி, தப்புச் செய்யவிட்டு வளர்த்தார்கள். 2021 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் தனி ஆளாக 50 புள்ளி அடித்து, ஐம்பது வருடமாக வராத கோப்பையைத் தூக்கிக்கொடுத்தார்.

இந்த யானிஸ் ஏதென்ஸில் பிறக்காமல் கிள்ளானில் பிறந்திருந்தால்?

எந்தத் தோட்டம் என்றெல்லாம் கேட்காதீர்கள். தோட்டம் இப்போது கோல்ஃப் மைதானம் ஆகிவிட்டது, இல்லையென்றால் மலேசியாவிலேயே அதிநவீனம் என்று விளம்பரம் செய்யப்படும் குடியிருப்பு. லயத்துக்காரர்கள் தாமான் செந்தோசாப் பக்கம் வாடகைக்கு வந்துவிட்டார்கள். பாட்டிக்குச் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசியின் அடையாள அட்டை. அம்மா அப்பா பதிவுத் திருமணம் செய்யவில்லை, அல்லது செய்தபோது ஒருவரிடம் ஐசி இல்லை. பையன் நெடுநெடுவென்று வளர்கிறான். ஐசி கிடையாது. ஐசி இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. காய்ச்சல் வந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரன் கட்டணம். உள்ளூரில் பிறந்த வெளிநாட்டுக்காரன்! தேசியக் குழு என்றால் தொலைக்காட்சியில்தான். பந்தைக் கூடைக்குள் போடுவதெல்லாம் இரண்டாவது சங்கதி. அவன் தன் பெயரை ஒரு பதிவேட்டுக்குள் போட்டுக்காட்டட்டும் முதலில்.

அவனுக்குப் பந்து யார் கொடுப்பார்கள் என்று கேட்டால் அது தனிக் கதை. இங்கே ஆட்டங்களுக்கும் இனம் பார்த்து இடம் ஒதுக்கிவிட்டோம். கூடைப்பந்து வளையம் சீனப் பள்ளியில் இருக்கும். தமிழ்ப் பள்ளி ஐந்நூறுக்கு மேல் உண்டு. பல பள்ளிகளில் திடல் என்பது சபைகூடல் நடக்கும் சிமெண்டுத் தரைதான். ஜாலான் ஹங் ஜெபாட்டில் இருக்கும் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்துக்குள் பந்தாட நுழைந்த தமிழ்ப் பிள்ளைகளைத் தேட வேண்டும். இத்தனைக்கும் கூடைப்பந்து பிறந்தது 1891இல் அமெரிக்காவில் ஒரு வைஎம்சிஏ கூடத்தில். நம் பிரிக்பீல்ட்ஸின் நடுவே ஒரு வைஎம்சிஏ பல காலமாக இருக்கிறது. வைஎம்சிஏ பக்கத்திலேயே இருந்தது, கோவில் திருவிழாவும் பக்கத்திலேயே நடந்தது. நம் தலைவர்கள் எந்தப் பக்கம் போய் மாலை வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டுமா?

கால்பந்தில் சூழலைக் கொஞ்சம் உண்டாக்கிப் பார்த்ததும் உண்டு. நீண்ட கையால் ஸ்பைடர்மேன் என்று பேர் வாங்கிய ஆர். ஆறுமுகம் வலைக்கு முன் நின்ற குழு 1980இல் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. எந்த வீரனும் பாட்டியின் ஊரைச் சொல்லி உள்ளே வரவில்லை. அரசியல் புறக்கணிப்பால் அந்தக் குழு விமானமே ஏறவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல். 2010இல் கே. ராஜகோபால் பயிற்சி கொடுத்த குழு இந்தோனேசியாவை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 4–2 என்று தோற்கடித்துச் சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தது. ஹரிமாவ் மூடா என்ற இளையோர் திட்டத்தில் பல வருடம் ஒன்றாகத் தின்று, ஒன்றாக உறங்கி, ஒன்றாக உதை வாங்கிய உள்ளூர்ப் பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். எஸ். குணாளன் வலப்பக்கம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிசம்பர் 31 அன்று நாட்டுக்கே விடுமுறை விட்டார்கள். அந்த விடுமுறைதான் இன்னும் முடியவில்லை. அப்புறம் பெட்டாலிங் ஜெயா சிட்டி. இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் வழியில் வளர்ந்து சூப்பர் லீக் வரை ஏறிய குழு. பி. மணியம் பயிற்சியில் 2022இல் வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை மட்டுமே வைத்து ஆடியது. அந்தப் பருவம் முடிந்ததும் லீக்கை விட்டே விலகிக்கொண்டது. விட்டுப் போனவர்களைத் தடுத்து நிறுத்த எவர் காலும் ஓடவில்லை; அர்ஜென்டினாவுக்கு ஆள் தேடி ஓடிய கால்கள் அப்போது ஓய்வில் இருந்தன.

தோற்றால் என்ன சூழல் என்பதும் தெரிந்ததே. 2021 சுதிர்மான் கிண்ணப் பூப்பந்தில் நம் வீராங்கனை கிசோனா தோற்றபோது ஓர் அரசியல்வாதி அவர் இனத்தைச் சொல்லி ஏசினார், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வென்றால் மலேசியர், தோற்றால் தாத்தா ஏறிவந்த கப்பல் நினைவுக்கு வந்துவிடும். கவனியுங்கள், நம் தாத்தா வெளியிலிருந்து வந்தவர் என்பதற்கு மட்டும் யாரும் இதுவரை சான்று கேட்டதில்லை.

இப்போது பாட்டிக்கு வருகிறேன்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வெளியாளுக்கு அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு வைத்திருக்கும் கணக்கு இது: விண்ணப்பிப்பதற்கு முந்திய 12 வருடத்தில் 10 வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் தெரிந்திருக்க வேண்டும். ஏழு வீரர்களுக்கு இந்தப் பத்து வருடம் எப்படி வந்தது என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அரசியலமைப்பு தனக்குத் தரும் விருப்புரிமையைப் பயன்படுத்தியதாக உள்துறை அமைச்சர் சொன்னார். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அந்த விருப்புரிமை பூட்டிய அலமாரிக்குள் இல்லை, எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது, கை நீட்டினால் எடுக்கலாம் என்று தெரிந்ததே பெரிய சந்தோஷம். இத்தனை வருடம் நாங்கள் அதற்கு ஏணி இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!

இன்னும் ஒன்று. அந்தத் தாத்தா பாட்டிகளின் பழைய கையெழுத்துப் பதிவேடு இங்கே கிடைக்கவில்லை. ஆகையால் வெளிநாட்டிலிருந்து வந்த காகிதங்களை வைத்து இரண்டாம் நிலைச் சான்று கொடுத்தோம் என்பது தேசியப் பதிவிலாகாவின் கதை. பதிவேடு கிடைக்கவில்லை! இந்த இரண்டு சொல்லும் நமக்கு எவ்வளவு பழக்கம். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, டிரஸர் எழுதிவைத்த நோட்டைக் கரையான் தின்று, அறுபது எழுபது வருடம் இந்த மண்ணில் பால் வெட்டியவர்களின் விண்ணப்பம் திரும்பி வருவதற்கும் இதே காரணம்தான். அந்த ஏழு பேருக்குப் பதிவேடு இல்லாவிட்டால் கதவு திறக்கும். நமக்குப் பதிவேடு இல்லாவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். கதவு ஒன்றேதான். பதிவேடு இல்லாமையும் ஒன்றேதான்.

2018இல் ஆட்சி மாறியபோது, அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அறிவித்தார்கள். 2024 அக்டோபரில் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவையில் நிறைவேற்றினார்கள். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு அதில் நல்லது நடந்தது, மறுக்கவில்லை. அதே திருத்தத்தோடு, இங்கே பிறக்கும் நிரந்தரவாசிகளின் பிள்ளைக்கு, அதாவது சிவப்பு ஐசிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு, பிறப்போடு வரும் குடியுரிமையை எடுத்துவிடவும் வாக்களித்தார்கள். பாட்டியின் சிவப்பு பேரன் தலைக்கும் இறங்க வழி செய்தாயிற்று. அடுத்த வருடம் பியூனஸ் அயர்ஸ்க்காரருக்குப் பேரன் உரிமை வழங்கினார்கள்.

ஆகவே நம் பாட்டிமார்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. குடியுரிமைப் பாரத்தைக் கிழித்துப் போடுங்கள். கால்பந்துக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். இடது பின்காவல் இடம் எப்போதும் தட்டுப்பாடு. மூட்டுவலி என்று தயங்காதீர்கள். காகிதத்தில் ஆடும் ஆட்டத்துக்கு மூட்டு வேண்டாம். பதிவிலாகா முகப்பில் இருக்கும் பெண் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாள், நேனேக் என்று அன்பாகத்தான் கூப்பிடுவாள்.

“நேனேக், சூராட் பெரானாக் இருக்கா?”

“இல்லேம்மா. தோட்டத்துல பொறந்தேன். அதான் முப்பது வருசமா வந்து சொல்றேனே.”

“எந்தத் தோட்டம்?”

“கிள்ளான் பக்கம்மா.”

இங்கேதான் பாட்டி கோட்டைவிடுகிறார். கிள்ளான் என்று சொன்னால் அவ்வளவுதான். சாட்சிக்கு இரண்டு பேர், தோட்டத்து மேனேஜர் கடிதம், மேனேஜர் செத்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, பிறகு அடுத்த வருடம் வாருங்கள். பாட்டி, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பிறந்த ஊர் அர்ஜென்டினா என்று சொல்லுங்கள். கிள்ளானை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.